இதயம் திரும்பிவிட்டது, கண் திறக்கவில்லை: மூளை அலைகளை எப்போது நம்பலாம்?

நின்றுபோன இதயத்தை மறுபடி துடிக்க வைப்பது பாதி வேலைதான். சி.பி.ஆர் கொடுத்தாயிற்று, ஷாக் கொடுத்தாயிற்று, நாடி வந்துவிட்டது, பி.பி.யும் ஓரளவு நிற்கிறது. ஆனால் ஆள் கண் திறக்கவில்லை. வென்டிலேட்டரில் கிடக்கிறார். நீலகிரி மலையில் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டியிலிருந்தோ (படகர் ஊர்) குன்னூர் எஸ்டேட் லைனிலிருந்தோ வந்து ஐ.சி.யூ வாசலில் நிற்கும் சொந்தக்காரர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "முழிச்சுக்குவாரா டாக்டர்?"

இதற்குப் பதில் தேட உதவும் கருவிகளில் ஒன்று ஈ.ஈ.ஜி. தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் அந்தப் பழைய சோதனைதான். வலிப்பு நோய்க்கு எடுப்பது என்றே நம்மில் பலருக்குத் தெரியும். இதயம் நின்று மீண்டவர்களிடம் இதைப் பயன்படுத்துவது பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. 'இனி முழிக்க மாட்டார்' என்று உறுதிசெய்யத்தான் இதை எடுக்கிறார்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகளைப் படித்தால் எனக்குத் தோன்றுவது வேறு. 'பொறுங்கள், இவர் திரும்பக்கூடும்' என்று மற்ற சோதனைகளுக்கு முன்பே சொல்வதில்தான் ஈ.ஈ.ஜி.யின் அருமை இருக்கிறது. மலை மாவட்டத்தில் முதலில் கைநழுவிப் போவதும் அந்தப் பயன்தான்.

அரை நிமிடத்தில் தட்டையாகும் கோடு

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று கிட்டத்தட்ட எதுவும் கிடையாது. அதனால் இதயம் நின்ற 10, 15 விநாடிகளில் நினைவு தப்பிவிடும். அரை நிமிடத்துக்குள் ஈ.ஈ.ஜி கோடு தட்டையாகிவிடும். அப்போது நரம்பு செல்கள் செத்துவிடவில்லை. ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி கடத்தும் இணைப்புகளுக்குத்தான் சக்தி அதிகம் வேண்டும். சக்தி வரத்து நின்றதும் முதலில் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. நான்கைந்து நிமிடங்கள் தாண்டும்போது செல்களுக்கே நிரந்தரச் சேதம் ஆரம்பிக்கிறது. ரத்த ஓட்டம் திரும்பியதும் அது உடனே நின்றுவிடும் என்றும் சொல்ல முடியாது. வீக்கம், வலிப்பு, காய்ச்சல் என்று அடுத்த சில நாட்களும் மூளைக்கு ஆபத்துக் காலம்தான்.

ஈ.ஈ.ஜி அளப்பது இந்த இணைப்புகளில் நடக்கும் மின் மாற்றத்தை. மூளையின் மேலடுக்கில் ஏராளமான செல்கள் ஒன்றாக இயங்கும்போது உண்டாகும் மின்சாரம், மண்டை ஓட்டையும் தோலையும் தாண்டி வெளியே வரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோவோல்ட். ஈ.சி.ஜி.யில் தெரியும் இதய மின்சாரம் இதைவிடப் பல மடங்கு பெரியது. ஜெர்மனியின் ஜெனா நகரில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தலையிலிருந்து இந்த அலையைப் பதிவு செய்தார். அதைக் கட்டுரையாக வெளியிட்டது 1929-ல். அந்தச் சின்ன நெளிவு மூளையிலிருந்துதான் வருகிறது என்று மற்றவர்கள் நம்ப இன்னும் சில வருடங்கள் பிடித்தன. ஐ.சி.யூ.வில் இன்றும் இதே தொல்லை உண்டு: வென்டிலேட்டரின் அதிர்வு, சொட்டு மருந்து பம்ப், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சல் எல்லாம் அந்தக் கோட்டில் ஏறிக்கொள்ளும். அனுபவமுள்ள டெக்னீஷியன் இல்லாவிட்டால் இரைச்சலையே மூளை அலை என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

ரத்த ஓட்டம் மீண்ட மூளையில் அலைகள் திரும்பும் விதம், மழைக்காலத்தில் மலையில் கரண்ட் போய்த் திரும்புவது மாதிரி. முதலில் முழு இருட்டு. அப்புறம் விட்டு விட்டு மினுக்கு. பிறகு மங்கலாக, ஆனால் நிற்காமல் ஒரு வெளிச்சம். கடைசியில்தான் முழு வோல்டேஜ். ஈ.ஈ.ஜி.யிலும் தட்டைக் கோடு, விட்டு விட்டுப் பொங்கும் அலை, மெதுவான தொடர் அலை, இயல்பான அலை என்று வரிசை இருக்கிறது. எந்தப் படியில் நிற்கிறது என்பதோடு, எத்தனை மணி நேரத்தில் அந்தப் படிக்கு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அர்த்தம் கிடைக்கும்.

நெதர்லாந்தில் ஜெனட் ஹோஃப்மெய்யர், மிஷெல் வான் புட்டன் குழுவினர் இதைத்தான் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இதயம் நின்று மீண்டவர்களுக்கு முதல் மணி நேரங்களிலிருந்தே விடாமல் பதிவு எடுத்தார்கள். 12 மணி நேரத்துக்குள் தொடர் அலை திரும்பியவர்களில் பெரும்பாலோர் நன்றாகத் தேறினார்கள். 24 மணி நேரம் ஆகியும் கோடு தட்டையாகவே கிடந்தவர்கள் தேறவில்லை. பொங்கி அடங்கும் அலைகளில் ஒவ்வொரு பொங்கலும் அச்சு எடுத்ததுபோல ஒரே வடிவில் இருந்தால் அதுவும் கெட்ட அறிகுறி என்று 2014-ல் காட்டினார்கள். இதில் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 12 மணியில் தெரியும் தொடர் அலை தரும் நம்பிக்கையை, ஒன்றரை நாள் கழித்துத் தெரியும் அதே அலை அந்த அளவுக்குத் தராது. ஏனென்றால் அதற்குள் மோசமாகச் சேதமடைந்த மூளைகள் சிலவும் மெதுவாக அந்தப் படியை எட்டிவிடுகின்றன. நல்ல செய்திக்குக் காலக்கெடு உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காட் ரோட்டில் கரையும் நேரம்

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். காலை ஆறு மணிக்கு கோத்தகிரியில் ஒருவர் சாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து மருத்துவமனையில் இதயத்தைத் திரும்பத் துடிக்க வைக்கிறார்கள். நிலைப்படுத்த ஓரிரு மணி நேரம். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்க 33 கிலோமீட்டர் காட் ரோடு, அதாவது மலைப்பாதை; அதன் பிறகு கோவை. கூடலூர்க்காரராக இருந்தால் ஊட்டிக்கு ஏறவே 50 கிலோமீட்டர். பந்தலூர்ப் பக்கம் என்றால் பலரும் கேரளாவுக்குத்தான் வண்டியைத் திருப்புகிறார்கள். சனி ஞாயிறில் டூரிஸ்ட் வண்டி நெரிசல், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி ரோட்டில் மண்சரிவு. கோவையில் ஆஞ்சியோ முடித்து ஐ.சி.யூ.வுக்கு வரும்போது மாலையாகிவிடும். ஈ.ஈ.ஜி எடுப்பவர் அன்றைக்குக் கிளம்பியிருப்பார். மறுநாள் காலையில் எடுத்து, நியூராலஜிஸ்ட் வந்து பார்க்கும்போது முப்பது மணி நேரம் தாண்டியிருக்கும். 12 மணி நேர ஜன்னல் மூடி வெகுநேரமாகியிருக்கும்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. 700 படுக்கைகளோடு அதன் புதிய மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறப்பு விழா கண்டது. எதற்கெடுத்தாலும் கீழே இறக்குவது என்ற நிலை மாற இது வழி. ஆனால் மூளை அலை விஷயத்தில் கட்டடத்தைவிட அவசரமானது, எடுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் ராத்திரியிலும் கிடைப்பது.

ரோட்டில் நேரம் மட்டும் போவதில்லை. குழாய் போட்ட நோயாளி வளைவுகளில் திமிறாமல் இருக்க மிடசோலம், ஃபென்டனில் போன்ற மயக்க மருந்துகள் கொடுப்பார்கள். கொடுக்காமலும் இருக்க முடியாது. ஆனால் மிடசோலம், புரோப்போஃபால் என்ற இன்னொரு மயக்க மருந்து, இரண்டும் மூளை அலைகளை அடக்கக்கூடியவை. புரோப்போஃபால் அளவு கூடினால், சேதமே இல்லாத மூளையிலும் அந்தப் பொங்கி அடங்கும் அலை வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, அல்லது உடலைக் குளிர்வித்து வைத்திருப்பவருக்கு, மிடசோலம் வெளியேற வழக்கத்தைவிட வெகுநேரம் பிடிக்கும். ஊசியை நிறுத்தி ஒரு நாள் ஆகிவிட்டது என்பதற்காக மருந்து போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குடும்பத்தார் கேட்க வேண்டிய மிக உருப்படியான கேள்வி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைச் சொல்வேன்: இந்த ஈ.ஈ.ஜி எடுத்தபோது என்ன மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது? மயக்க மருந்தைத் தாண்டி நல்ல அலை தெரிந்தால் அது நல்லதுதான். கெட்ட அலை தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பூஜ்யம் என்பது பூஜ்யம் அல்ல

கெட்ட அறிகுறியை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தத் துறையில் அதிகம் பின்பற்றப்பட்டு வந்தது. முதல் விதி, 72 மணி நேரத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லாதே. மருந்து மயக்கம் போன்ற குழப்பங்களை விலக்கிய பிறகும் நோயாளி கோமாவில் இருந்து, வலி கொடுத்தால் கை காலை முறையாக இழுத்துக்கொள்ளாமல் இருந்தால், ஆறு அறிகுறிகளில் குறைந்தது இரண்டு சேர்ந்து இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்காமலும் கருவிழியைத் தொட்டால் இமை மூடாமலும் இருப்பது, மணிக்கட்டு நரம்பைத் தூண்டினால் மூளையில் எதிரொலி வராமல் போவது, ரத்தத்தில் நரம்பு செல்லிலிருந்து கசியும் ஒரு நொதி அளவு கடந்து ஏறுவது, முதல் மூன்று நாட்களில் விடாத உடல் துள்ளல், ஸ்கேனில் பரவலான சேதம். ஆறாவது, 24 மணி நேரத்துக்குப் பிறகு எடுத்த ஈ.ஈ.ஜி.யில் அலை 10 மைக்ரோவோல்ட்டுக்கும் கீழே அடங்கிக் கிடப்பது அல்லது பொங்கி அடங்குவது. இரண்டு சேரவில்லையா, காத்திருந்து மறுபடி பார். அவ்வளவுதான். ஈ.ஈ.ஜி ஒன்றை மட்டும் வைத்து யாரும் கதவைச் சாத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? 2016-ல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் இன்னும் கோமாவில் இருந்த 103 பேரின் பதிவுகளை, நோயாளி யார், பிறகு என்ன ஆனார் என்று தெரியாத நிபுணர்கள் படித்தார்கள். மிக மோசமான வகை அலை 37 சதவீதம் பேருக்கு இருந்தது. அவர்களில் ஒருவர்கூட நன்றாகத் தேறவில்லை. கேட்டவுடன் முடிந்தது கதை என்று தோன்றும். ஆனால் புள்ளியியலில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. n பேரில் ஒரு தவறும் வரவில்லை என்றால், உண்மையான தவறு விகிதம் 3-ஐ அந்த எண்ணிக்கையால் வகுத்தால் வரும் அளவு வரை இருக்கலாம். 100 பேரைச் சோதித்துத் தவறே வரவில்லை என்றாலும் நூற்றுக்கு மூன்று பேர் விஷயத்தில் தவறு நடக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியாது. 30 பேர்தான் என்றால் அது நூற்றுக்குப் பத்து. ரத்தச் சர்க்கரைச் சோதனையில் இப்படி ஒரு தவறு வந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இங்கே தவறு என்றால் பிழைத்திருக்கக்கூடிய ஒருவர்.

உடல் துள்ளலும் அப்படி ஏமாற்றக்கூடியதுதான். ஐ.சி.யூ.வில் கை கால் விட்டு விட்டுத் துள்ளுவதைப் பார்த்தால் குடும்பம் உடைந்துபோகும். பல டாக்டர்களும் அதைக் கெட்ட சகுனமாகவே எடுப்பார்கள். ஆனால் லேன்ஸ், ஆடம்ஸ் என்ற இருவர் 1963-ல் விவரித்த ஒரு வகைத் துள்ளல் இருக்கிறது. ஆக்சிஜன் குறைபாட்டிலிருந்து மீண்டு நினைவோடு இருப்பவர்களிடமே அது வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். பின்னணியில் தொடர் அலை ஓடுகிறதா, அடங்கிக் கிடக்கிறதா என்று ஈ.ஈ.ஜி.யைப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். ஈ.ஈ.ஜி.யில் வலிப்பு போன்ற அலைகள் தெரிந்தால் அதை மருந்தால் அடக்கினால் ஆள் தேறுவாரா என்றும் சோதித்துவிட்டார்கள். 2022-ல் வெளியான டெல்ஸ்டார் ஆய்வில் 172 பேர். தீவிரமாக அடக்கியவர்களில் 90 சதவீதம் பேரின் முடிவு மோசம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 92 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அலையை அழகாக்கினால் மூளை சரியாகிவிடாது.

கையெழுத்துப் போட்டுக் கூட்டிப் போவது

இந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. மேற்கு நாடுகளில் பலவற்றில், தேற மாட்டார் என்று முடிவானால் உயிர்காக்கும் கருவிகளை விலக்கிவிடுகிறார்கள். விலக்கினால் நோயாளி இறக்கிறார். இறந்ததும், 'பார், அறிகுறி சொன்னது சரி' என்று கணக்கில் ஏறுகிறது. சொன்ன வாக்கே தன்னை நிறைவேற்றிக்கொள்கிறது. ஆய்வாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கருவியை விலக்கும் வழக்கமில்லாத மருத்துவமனைகளின் தரவுகளுக்குத் தனி மதிப்புக் கொடுக்கிறார்கள்.

நம் ஊரில் இதே முடிச்சு வேறு உருவத்தில் வருகிறது. இங்கே சட்டப்படி கருவியை விலக்க நடைமுறை உண்டு. 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் கண்ணியமான மரணத்துக்கு வழிவகுத்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது. மருத்துவமனைக்குள் சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது 5 வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் கொண்ட ஒரு குழு, அதைச் சரிபார்க்க இரண்டாவது குழு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். ஆனால் ஐ.சி.யூ வாசலில் நடப்பது பெரும்பாலும் இது இல்லை. காசு தீர்ந்துபோகிறது, அல்லது யாரோ 'இனிமே ஒண்ணும் இல்லைங்க' என்கிறார், குடும்பத்தார் டாக்டர் ஆலோசனையை மீறிக் கூட்டிப் போவதாகக் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்சில் மேலே ஏற்றிவிடுகிறார்கள். வீட்டில் வைத்துச் சாகட்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது; அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு இரண்டாம் நாள் மயக்க மருந்தோடு எடுத்த ஒரு ஈ.ஈ.ஜி காரணமாகிவிட்டால் அது அநியாயம். 'மூளை வேலை செய்யல' என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறதோ அவ்வளவு தவறாகவும் புரிந்துகொள்ளப்படுகிறது.

மூளைச்சாவோடு இதைக் குழப்பிக்கொள்வதும் அதனால்தான். உறுப்பு தானத்துக்காக 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி மூளைச்சாவை அறிவிக்க, மூளைத்தண்டு செயலிழந்ததா என்று டாக்டர்கள் குழு குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கும். அதற்கு ஈ.ஈ.ஜி கட்டாயமில்லை. ஈ.ஈ.ஜி மோசமாக இருக்கிறது என்பதும் மூளைச்சாவு என்பதும் ஒன்றல்ல.

மலைக்கே உரிய வேறு சில பொறிகளும் உண்டு. மேலே சொன்ன விதிகள் பெரும்பாலும் மாரடைப்பு போன்ற இதயக் காரணத்தால் சாய்ந்தவர்களை வைத்து உருவானவை. குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிப் படுத்தவரின் கதை வேறு. கார்பன் மோனாக்சைடு தாக்கியவர் விழித்து, பேசி, வீட்டுக்குப் போன சில வாரங்களுக்குப் பிறகும் ஞாபகம், நடை தடுமாறலாம். முதல் மூன்று நாள் அலை அதைச் சொல்லிவிடாது. கூடலூர், முதுமலைப் பக்கத் தாழ்வான பகுதிகளில் கட்டுவிரியன், நல்லபாம்பு கடித்தவர் இன்னொரு வகை. விஷம் தசைகளை முடக்குவதால் கண்மணி விரிந்து, இமை தொங்கி, உடல் அசையாமல், பார்க்க மூளை போய்விட்ட மாதிரியே கிடப்பார். உள்ளே மூளை விழித்தே இருக்கக்கூடும். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் திரும்பி வருவார்கள். இதயம் நிற்காத அப்படிப்பட்டவருக்கு எடுக்கும் அரை மணி நேர ஈ.ஈ.ஜி, வேறு எந்தச் சோதனையைவிடவும் பெரிய காரியம் செய்யும் என்பது என் எண்ணம்.

செயற்கை நுண்ணறிவு இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று இப்போது பேச்சு. 2023-ல் உலகம் முழுவதும் உள்ள ஆய்வுக் குழுக்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள்: இதயம் நின்று கோமாவில் இருப்பவரின் ஈ.ஈ.ஜி.யைக் கொடுத்தால், அவர் தேறுவாரா என்று கணினி சொல்ல வேண்டும். அதற்கான தரவு 1,020 நோயாளிகளுடையது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள ஏழு மருத்துவமனைகளில் எடுத்தது. சலிக்காமல் மணிக்கணக்கான பதிவைப் படிக்க கணினியால் முடியும், அது லாபம்தான். ஆனால் கருவியை விலக்கும் பழக்கமுள்ள ஊர்களில் கற்றுக்கொண்ட கணினி, அந்தப் பழக்கத்தையும் சேர்த்தே கற்றிருக்கும். மிடசோலத்தோடு காட் ரோட்டில் இறங்கிய நோயாளி அதன் பாடத்தில் இல்லை.

நாள் முழுக்க ஒயர் மாட்டி வைக்கும் வசதி மலையில் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. சுவிட்சர்லாந்தில் 2020-ல் வெளியான செர்ட்டா ஆய்வில், நினைவு குறைந்த 364 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 முதல் 48 மணி நேரம் தொடர்ந்து பதிவு எடுத்தார்கள். மறுபாதிக்கு இருபது நிமிடப் பதிவு இரண்டு முறை. வலிப்புகள் தொடர் பதிவில் அதிகம் தெரிந்தன. உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் முதல் 12 மணி நேரத்துக்குள் ஒன்று, 24 தாண்டி ஒன்று என இரண்டு குறும் பதிவுகள் எடுக்க முடிந்தாலே பெரிய முன்னேற்றம். பதிவு ஒரு கணினிக் கோப்புதான். ஊட்டியில் எடுத்து, கோவையிலோ சென்னையிலோ இருக்கும் நியூராலஜிஸ்ட் அன்றிரவே படித்துச் சொல்லலாம். நோயாளியை இறக்கிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்பதில்லை.

அதோடு போக வேண்டியது ஒரு சரியான ரெஃபரல் சீட்டு. இப்போது பல சீட்டுகளில் 'கார்டியாக் அரெஸ்ட், ரிவைவ்ட்' என்ற மூன்று வார்த்தைதான் இருக்கும். சாய்ந்த நேரம், பார்த்தவர் யார், சி.பி.ஆர் தொடங்க எத்தனை நிமிடம் ஆனது, நாடி திரும்பிய நேரம், மயக்க மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசி போட்ட மணி. இவ்வளவும் ஒரு கைப்பட எழுதிய சீட்டில் அடங்கிவிடும். இவை இல்லாமல் எடுத்த ஈ.ஈ.ஜி.யைப் பார்த்து, அது 12-வது மணி அலையா 30-வது மணி அலையா என்றோ, அடங்கிக் கிடப்பது மூளையா மருந்தா என்றோ எந்த நிபுணராலும் சொல்ல முடியாது.